சோலார் பம்ப் கன்ட்ரோலர்: வாங்குவதா, நாமே செய்வதா?

கோவையில் பம்ப் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு வார்ப்பும் மோட்டாரும் கைவந்த தொழில். மின்னணு போர்டு அப்படியல்ல. 2019-ல் விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்ப் தரும் மத்திய அரசின் பி.எம்.குசும் திட்டம் வந்து சோலார் பம்புகளுக்குத் தேவை எழுந்தபோது, சோலார் பேனலின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரைச் சீனாவிலிருந்து வாங்கிப் பொருத்தினோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சொந்தமாகச் செய்யத் தொடங்கினோம். இரண்டு வழியிலும் நடந்து பார்த்ததால் எழுதுகிறேன். என் சாய்வு சொந்த வடிவமைப்பின் பக்கம்தான்.

தொடக்கச் செலவிலும் வேகத்திலும் வாங்குவதே மேல். அதில் விவாதம் இல்லை.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. குசும் திட்டத்தில், நிறுவியவரே 5 ஆண்டுகள் பழுது பார்க்க வேண்டும். கொங்குப் பகுதியில் கோடையில் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கிவிடும். தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரின் பேரிங் தேய்ந்து கருகும். அதைத் தடுக்க, மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஒரு வரம்புக்குக் கீழே குறைந்தால் கன்ட்ரோலர் பம்பை நிறுத்த வேண்டும். நாங்கள் வாங்கியதில் அந்த வரம்பு எங்கள் மோட்டாருக்குப் பொருந்தவில்லை. வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பம்ப் நின்றுவிடுகிறது. வாடும் வாழைக்கு நடுவே நின்று விவசாயி கேட்கும் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். அது பூட்டப்பட்ட மென்பொருளுக்குள் இருந்தது. கடிதம் எழுதிக் காத்திருந்தோம். பதில் வந்தபோது அந்த மாடலையே நிறுத்தியிருந்தார்கள். சின்ன உதிரி எரிந்தாலும் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று.

சொந்தக் கன்ட்ரோலருக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. போர்டுகள் பல எரிந்தன. மேகம் கடக்கும்போதெல்லாம் மோட்டார் நின்று நின்று ஓடியதைச் சரிசெய்யவே ஒரு மழைக்காலம் போயிற்று. இன்று எங்கள் மெக்கானிக் வரப்பில் உட்கார்ந்தபடியே அந்த எண்ணை மாற்றுகிறார். அவர் வயலில் பார்த்த பழுது அடுத்த தயாரிப்பில் திருத்தமாகிறது. விலைக்கு வாங்கியபோது அந்த அறிவு எங்களிடம் தங்கவே இல்லை.

இதற்காக, வாங்கிய இரண்டு ஆண்டுகள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம்கூட 1980-களிலிருந்து சுசுகியுடன் கூட்டாக இயங்கிய பிறகே, பிரிந்த 2001-ல் சொந்த வடிவமைப்பான விக்டர் பைக்கைக் கொண்டுவந்தது. வாங்கிய பெட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் நாங்களும் தொடங்கியிருக்க முடியாது.

எங்கள் அனுபவம் 5 ஹெச்.பி. வரைதான். 10 ஹெச்.பி.க்கு இன்றும் வாங்குகிறோம், ஏற்றுமதி செய்ததில்லை. மாதம் பத்துப் பம்ப் விற்பவர் தனியாக இதில் இறங்குவது கடினம். அவர் வாங்கட்டும்; ஆனால் சர்க்யூட் வரைபடமும் வரம்புகளை மாற்றும் உரிமையும் தனக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்கட்டும்.