முதுமாணி ஆய்வுக்கு 'ரெடிமேட்' தலைப்பு: காசு கட்டுமுன் வாசியுங்கோ

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே கணக்கீட்டில் முதுமாணி படிக்கிற ஆட்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்குது. தலைப்பு, தரவு, முழு ஆய்வறிக்கை எல்லாம் மூன்று கிழமையில் தருவினம்; பாதிக் காசு முற்பணம். அதே கோப்பு பெயர் மாறி இன்னொருவருக்கும் போகும். வாய்மொழிப் பரீட்சையில் பிடிபட்ட பிறகு விற்றவருக்கு எடுத்துப் பார்த்தால் போன் ஓஃப்.

பிடிபடுவது அநேகமாகத் தரவில்தான். விற்கிற சரக்கு வழமையான 'மூலதனக் கட்டமைப்பும் இலாபத்தன்மையும்', அதாவது கம்பனியில் கடன் எவ்வளவு, சொந்த முதல் எவ்வளவு, அதற்கும் இலாபத்துக்கும் என்ன தொடர்பு என்பது: கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகள் 10, வருடங்கள் 5, அவதானிப்புகள் 50. அதற்குள் வங்கியும் தேயிலைத் தோட்டக் கம்பனியும் ஒன்றாகக் கிடக்கும். வங்கிக்கு வைப்புப் பணமே பொறுப்பு. மொத்தச் சொத்தில் 90 சதவீதமளவு பொறுப்பாக இருப்பது அங்கே சாதாரணம். தோட்டத்தோடு அதை எப்படி ஒப்பிடுவது?

2017/18 முதல் 2021/22 வரை எடுத்திருந்தால் இன்னொரு குழி. குத்தகை பற்றிய நிதி அறிக்கையிடல் நியமம் 16, 2019 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு வந்தது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பனிக்கு 2019/20தான் முதல் ஆண்டு. அதுவரை ஐந்தொகைக்கு வெளியே நின்ற நீண்டகாலக் கட்டட வாடகை பொறுப்பாக உள்ளே வரும். ஒரு ரூபா புதிதாகக் கடன்படாமலே கடன் விகிதம் ஏறும். கோப்பு விற்றவருக்கு இது தெரியாது, பரீட்சகருக்குத் தெரியும்.

வினாக்கொத்து என்றால் இன்னும் மோசம். 150 பேர், ஒரு விடைகூட விடுபடவில்லை, குரொன்பாக் அல்பா (விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகுது என்ற அளவு, உச்சம் 1) 0.98! 0.7 வந்தாலே ஏற்பார்கள். நிரப்பிய தாள்களைக் கேட்டால் கதை முடிந்தது.

வன்னியில் நெல் இருக்கு, தலைப்புக்கு ஏன் அலையவேணும்? கூட்டுறவுச் சங்கம் 18 சதவீத ஈரத்தில் வாங்கும் 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் சுமார் 95.3 கிலோ. கிலோ 100 ரூபாவுக்கு வாங்கியது ஏறக்குறைய 104.90 ஆகிவிடும், காயவிட்ட கூலி வேறு. இந்த எடைக் குறைவை இயல்பான (தவிர்க்கேலாத) நட்டமாகக் கையிருப்பு நெல்லின் கிரயத்தில் சேர்க்கிறார்களா, வருட முடிவில் செலவாகத் தள்ளுகிறார்களா? கையிருப்புச் சரக்கு பற்றிய கணக்கீட்டு நியமம் 2ஐ வைத்து நல்ல ஆய்வொன்று செய்யலாம். கொள்வனவுப் புத்தகமும் களஞ்சிய ஏடும் இரண்டு போகத்துக்கு வேணும்.

தலைப்பை மேற்பார்வையாளருக்குக் கொடுக்குமுன், கணக்காய்வு முடிந்த கணக்கு எந்த வருடம் வரை இருக்கென்று சங்கத்தில் கேளுங்கோ. அனுமதி கடிதத்தில், முத்திரை குத்தி, எந்தெந்த ஏடு என்று எழுதி வரவேணும். முகாமையாளர் வாயால் 'ஓம்' சொன்னது காணாது. அவர் மாற்றலாகிப் போனால் ஏடும் அலுமாரிக்குள் போய்விடும்.