மூக்கை ஒல்லியாக்கி 3 வருஷம் 4 மாசம் ஆச்சு, இப்போ தான் எழுத முடியுது

2022 பிப்ரவரில ஆபரேஷன், இப்போ 2025 ஜூன். பண்ணி மூணாவது வாரமே "எப்டி இருக்கு, நானும் பண்ணலாமா"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. அப்போ சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல, ஏன்னா அந்த நேரத்துல என் மூக்கு முன்னாடி இருந்தத விட பெருசா இருந்துச்சு. முதல் மாசத்துல எழுதுற ரிவ்யூவ யாரும் நம்பாதீங்க, பண்ணவங்களுக்கே அப்போ அவங்க மூக்கு எப்படின்னு தெரியாது.

என்னோடது அப்பா வழி மூக்கு. நடுவுல எலும்பு அகலம், நுனி உருண்டை, ரெண்டு பக்கமும் நல்லா விரிஞ்சிருக்கும். ஸ்கூல்ல போண்டா மூக்கு, காலேஜ்ல கொடமொளகா. சித்தி யாராச்சும் பொண்ண பத்தி "மூக்கும் முழியுமா இருக்கா"ன்னு சொல்றப்பல்லாம் நமக்கு முழி மட்டும் தான்னு மனசுக்குள்ள நெனச்சுப்பேன். அதெல்லாம் பழகிப்போன கிண்டல், அதுக்காக கத்தி வெச்சுக்கல. வொர்க் ஃப்ரம் ஹோம்ல ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் லேப்டாப் ஸ்கிரீன்ல என் மூஞ்சிய நானே பாத்துட்டு இருந்தேன் பாருங்க, அது தான் ஆரம்பம். அப்புறம் செல்ஃபி. பின்னாடி தான் தெரிஞ்சுது, முகத்துக்கு ஒரு அடி தூரத்துல வெச்சு ஃபோட்டோ எடுத்தா, அஞ்சு அடி தள்ளி எடுக்குறத விட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமா தெரியுமாம், 2018ல அமெரிக்காவுல டாக்டருங்க கணக்கு போட்டு எழுதிருக்காங்க. இத மொதல்ல படிச்சிருந்தா பண்ணிருக்க மாட்டேனான்னு கேட்டா, பண்ணிருப்பேன், ஆனா நுனிய மட்டும் பண்ணிட்டு விட்ருப்பேன்.

சென்னைல மூணு டாக்டர பாத்தேன், யார் பேரும் சொல்லப்போறதில்ல. ஒருத்தர் அஞ்சே நிமிஷத்துல சிலிக்கான் வெச்சு நடுவுல ஒசத்திட்டா தானா ஒல்லியா தெரியும்னார், அது வருஷம் கழிச்சு கூட இன்ஃபெக்‌ஷன் ஆகி வெளிய வரலாம்னு தெரிஞ்சதும் அந்த பக்கமே போகல. மூணாவதா பாத்தவர் கிட்ட தான் பண்ணேன். அவர் ரூம் சுவத்துல ஒரு பழைய படம் ஃபிரேம் போட்டு மாட்டிருந்துச்சு, நெத்தி தோல எடுத்து மூக்கு தெச்ச ஆளோட படம். திப்பு சுல்தான் ஆளுங்க கிட்ட மாட்டி மூக்கறுபட்ட வண்டிக்காரர் கவாஸ்ஜி, 1794ல லண்டன் பத்திரிகைல அந்த படம் வந்து தான் வெள்ளக்காரன் இந்த வித்தைய கத்துக்கிட்டானாம். அறுபட்ட மூக்க ஒட்ட வெக்க கண்டுபிடிச்சத, இருக்குற மூக்க அறுக்க நான் காசு கட்டிட்டு உக்காந்திருந்தேன்.

எனக்கு பண்ணது மூணு வேலை. ஒண்ணு, ரெண்டு பக்க எலும்பையும் ஒடச்சு உள்பக்கமா நகத்துறது. ரெண்டு, நுனி. மூக்குக்குள்ள நடுச்சுவர்ல இருந்து கொஞ்சம் குருத்தெலும்ப எடுத்து நுனிக்கு முட்டு குடுத்து தெச்சாங்க. மூணு, நாசி ரெண்டு ஓரத்துலயும் பிறை மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்து சுருக்குறது. எல்லாம் ஃபுல் மயக்கத்துல, மூணரை மணி நேரம்.

ஆனா ஆபரேஷன விட பெரிய ஆபரேஷன் அதுக்கு முந்தின நாள் நடந்துச்சு. ஒடம்புல உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, மூக்குத்திய கழட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. ஆளானப்போ குத்துனது, 14 வருஷமா கழட்டவே இல்ல, திருகாணி அப்படியே பிடிச்சுக்கிச்சு. அம்மா தேங்காயெண்ணெய் போட்டாங்க, சோப்பு போட்டாங்க, கண்ணுல தண்ணி கொட்டுது, சுத்துது ஆனா வரல. கடைசில தெருமுனை நகைக்கடை ஆசாரி கிட்ட போய் உக்காந்தேன், அவர் குறடு வெச்சு ஒரு நொடில திருகாணிய வெட்டிட்டு "என்னம்மா, வேற டிசைன் மாத்துறீங்களா"ன்னார். ஆமாண்ணே, டிசைன் தான் மாத்துறேன்னேன்.

முதல் வாரம். வலி எல்லாரும் பயப்படுற அளவுக்கு இல்ல, பல்லு புடுங்குன வலி தான். கொடுமை என்னன்னா மூச்சு. ரெண்டு மூக்குலயும் பஞ்சு அடைச்சு வெச்சிருப்பாங்க, எனக்கு ரெண்டு நாள் கழிச்சு தான் எடுத்தாங்க, அது வரைக்கும் ராத்திரி முழுக்க வாயாலயே மூச்சு விட்டு நாக்கு செருப்புத்தோல் மாதிரி ஆகிடும். தண்ணி குடிச்சா காதுல அடைக்கும். ரெண்டு தலகாணி வெச்சு சாஞ்சு தான் தூங்கணும். தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மணும், மூக்கு சிந்தவே கூடாது. மூணாவது நாள் கண்ணாடில பாத்தேன், ரெண்டு கண்ணும் கத்திரிக்கா கலர். எலும்ப ஒடச்சா அப்படித்தான் ஆகும், ரெண்டு வாரத்துல மஞ்சளாகி போயிடுச்சு. நான் கண்ணாடி போடுற ஆளு, மூக்கு மேல ஆறு வாரம் எதுவும் வெக்கக்கூடாதுன்னுட்டாங்க, அதனால ஃபிரேம டேப் போட்டு நெத்தில ஒட்டிக்கிட்டு தான் ஆபீஸ் வேலை பாத்தேன். அப்போ மாஸ்க் காலம், அது ஒரு வசதி, வெளிய போனா யாருக்கும் தெரியல, ஆனா மாஸ்க் மேல இருக்குற கம்பி எலும்புல அழுத்தும்னு ஒவ்வொரு மாஸ்க்லயும் பிளேடு வெச்சு கம்பிய உருவி எடுத்துட்டு போடுவேன்.

வாசனை போனத யாரும் முன்னாடி சொல்லல. அஞ்சு வாரம் ஒரு வாசனையும் இல்ல. ஒரு நாள் காலைல படுத்துட்டு இருக்கேன், அம்மா ரசத்துக்கு தாளிச்ச பெருங்காயம் லேசா வந்துச்சு, எந்திரிச்சு ஓடிப்போய் கரண்டிகிட்டயே மூக்க நீட்டிட்டு நின்னேன்.

ஏழாவது நாள் மேல இருந்த கட்ட எடுத்தப்போ ஒரே குழப்பம். நடு எலும்பு நெஜமாவே ஒல்லியாகிருந்துச்சு, ஆனா நுனி முன்னாடிய விட உருண்டை. நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு மூக்கு தோல் தடிப்பு, உள்ள எவ்ளோ செதுக்கினாலும் தடிச்ச தோல் அத போர்வை மாதிரி மூடிடும், வீக்கமும் சீக்கிரம் வத்தாது. ஒரு வருஷம்னு சொன்னாங்க, எனக்கு ஒன்னேகால் வருஷம் ஆச்சு. காலைல வீங்கி இருக்கும், சாயங்காலம் கொறஞ்சிருக்கும், கல்யாண வீட்ல அப்பளமும் ஊறுகாயும் மூக்கு பிடிக்க சாப்ட்டா மறுநாள் திரும்ப வீங்கும். நாலாவது மாசம் நுனில ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டாங்க, அது கொஞ்சம் உதவுச்சு, அதிகமா போட்டா தோல் மெலிஞ்சு பள்ளமாகிடும்னு ரெண்டாவது வேணாம்னுட்டேன். நுனி தொட்டா எட்டு மாசம் உணர்ச்சியே இல்ல, யாரோட மூக்கையோ தொடுற மாதிரி இருக்கும். முடிவா எனக்கு கிடைச்சது எள்ளுப்பூ நாசியெல்லாம் இல்ல, போண்டா பஜ்ஜியாச்சு, அவ்ளோ தான். எனக்கு அது போதும்.

தழும்பு பத்தி: நாசி ஓரத்து வெட்டு மடிப்புலயே ஒளிஞ்சுக்கும்னாங்க, வெள்ளத் தோலுக்கு சொல்லிருப்பாங்க போல. எனக்கு ஒரு வருஷம் கருப்பு கோடா நின்னுச்சு, சிலிக்கான் ஜெல்லும் சன்ஸ்கிரீனும் போட்டு போட்டு இப்போ கிட்ட வந்து பாத்தா தான் தெரியும்.

இப்போ முக்கியமான விஷயம், இதுக்காக தான் எழுதவே உக்காந்தேன். வீக்கம் எல்லாம் வத்துனதுக்கு அப்புறமும் வலது பக்கம் மூச்சு சரியா வரல. பகல்ல உக்காந்திருந்தா தெரியாது, மாடிப்படி ஏறுனா, படுத்தா தெரியும். வேகமா மூச்ச இழுத்தா வலது பக்கம் உள்ள ஒட்டிக்கும், ஈரத்துணி ஒட்டுற மாதிரி. ரெண்டு வருஷம் சளி சளின்னே நெனச்சுட்டு இருந்தேன். வேற ஒரு ஈஎன்டி கிட்ட போனா, அவர் ஒரு விரலால என் கன்னத்த மூக்குக்கு பக்கத்துல புடிச்சு காது பக்கமா லேசா இழுத்துட்டு இப்போ மூச்ச இழுங்கன்னார். சில்லுனு காத்து உள்ள போச்சு, எத்தன மாசமாச்சு அப்படி ஒரு மூச்சு விட்டு, அங்கயே அழுதுட்டேன். மூக்குக்குள்ள ரொம்ப குறுகலான இடம் ஒண்ணு இருக்கு, எலும்ப உள்ள நகத்துனப்போ அந்த இடமும் சேந்து சுருங்கிடுச்சு, அவ்ளோ தான் விஷயம். வெளிய ஒல்லியாகணும்னா உள்ளயும் கொஞ்சம் ஒல்லியாகும், யோசிச்சா குழந்தைக்கு கூட புரியும், நான் பாத்த மூணு டாக்டர்ல ஒருத்தர் கூட இத எடுத்து சொல்லல, நானும் கேக்கல, ஃபோட்டோவுல முன்னாடி பின்னாடி தான் பாத்துட்டு இருந்தேன். குருத்தெலும்பு துண்டு உள்ள வெச்சு அந்த இடத்த விரிக்கலாமாம், ஆனா நடுச்சுவர்ல இருந்தத நுனிக்கு எடுத்தாச்சு, இனி காதுல இருந்தோ விலா எலும்புல இருந்தோ எடுக்கணும். யோசிச்சுட்டு இருக்கேன். அது வரைக்கும் ராத்திரி மூக்கு மேல ஸ்ட்ரிப் ஒட்டிட்டு தூங்குறேன், காசு கட்டி சுருக்குன மூக்க தெனம் பட்டி போட்டு விரிக்கிறேன்.

நீங்க போறதா இருந்தா, கன்னத்த இழுக்குற அந்த டெஸ்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல பண்ணி பாருங்க, பத்து செகண்ட் ஆகாது. இழுத்தா தான் மூச்சு நல்லா வருதுன்னா உங்க மூக்கு உள்ள ஏற்கனவே குறுகலா இருக்கலாம், டாக்டர் கிட்ட அத சொல்லி, எலும்ப நகத்துனா மூச்சுக்கு என்ன செய்வீங்கன்னு நேரா கேளுங்க. அவர் பேச்ச மாத்துனா எந்திரிச்சு வந்துடுங்க.

செலவு எனக்கு மொத்தம் 1,65,000 ஆச்சு, அழகுக்கு பண்றதுன்னு இன்சூரன்ஸ் ஒரு பைசா தரல. ஆபீஸ்ல ஒருத்தர் கூட கண்டுபுடிக்கல, "ஒடம்பு இளைச்சிட்டியா"ன்னு மட்டும் கேட்டாங்க. அத்தை தான் பாத்த ஒடனே கண்டுபுடிச்சாங்க, "எங்க வீட்டு மூக்க ஏண்டி அறுத்த"ன்னு ஆறு மாசம் பேசல. மார்க் போடணும்னா பாக்க 8, மூச்சுக்கு 4.

போன பொங்கலுக்கு மதுரைக்கு போனப்போ அம்மா அந்த வெட்டுன மூக்குத்திய டப்பால இருந்து எடுத்தாங்க, திருகாணி மாத்தி வெச்சிருக்காங்க. பழைய ஓட்டை தழும்புக்கு கிட்ட நகந்து வந்து தூந்தே போச்சு, குத்துனா புதுசா தான் குத்தணும். எந்த பக்கம் குத்துறதுன்னு கேட்டேன். "வலது பக்கமே குத்துவோம்டி, அந்த ஓட்டை வழியாவாச்சும் காத்து வரட்டும்"னாங்க.