பி.எஃப். பணத்தை எடுப்பதா, விட்டுவைப்பதா?

வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வருகிறவர் கண் முதலில் போவது பி.எஃப். (சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த வருங்கால வைப்பு நிதி) பணத்தின் மேல்தான். கடைக்கு அட்வான்ஸ், பட்டறைக்கு ஒரு லேத் என்று செலவுகள் வரிசைகட்டும்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுப்பதென்றால், தொடர்ந்து ஐந்தாண்டு பணி முடிந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். முடியாவிட்டால் வருமான வரி உண்டு.

எடுக்காமல் விட்டால் 58 வயது வரை வட்டி ஏறும். 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீதம். ஆனால் வேலையை விட்டபின் சேரும் வட்டிக்கு வரி உண்டு; புதிதாகப் பணம் போடவும் வழியில்லை. அப்படியிருந்தும் என் ஓட்டு விட்டுவைப்பதற்கே. தொழிலின் முதல் ஆண்டு எந்தப் பணத்தையும் விழுங்கிவிடும். பி.எஃப்.போடு ஒட்டிய ஓய்வூதியக் கணக்கு தனி. பத்தாண்டு பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். ஒன்பதாம் ஆண்டில் ராஜினாமா எழுதுகிறவர் நாட்காட்டியை ஒருமுறை புரட்டிவிட்டு எழுதலாம்.

இனிச் சேர்ப்பதற்கு இருப்பவை இரண்டு: பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்).

பி.பி.எஃப்.க்கு 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீத வட்டி, வரியில்லாமல். பதினைந்தாண்டுக் கணக்கு, ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடிருக்கும். உச்சம் ஒன்றரை லட்சம். வருமானம் ஒரு மாதம் பொழிந்து மறுமாதம் காயும் நமக்கு இது தோதானது. தொழில் நொடித்துக் கடன்காரர் நீதிமன்றம் போனாலும் தீர்ப்புக் கடனுக்காக இதை ஜப்தி செய்ய முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வரி பாக்கிக்கு மட்டும் அந்தக் காப்பு கிடையாது.

என்.பி.எஸ். பங்குச் சந்தையிலும் பணத்தைப் போடுவதால் நீண்ட காலத்தில் கூடுதலாக வளர வாய்ப்புண்டு, உறுதியில்லை. முடிவில் ஒரு பகுதியை மாத ஓய்வூதியமாக மாற்றும் விதி எனக்கு உவப்பில்லை. செலவாளிகளுக்கு அதுவே நல்ல கடிவாளம்.

இதில் கூடுதலாகக் கிடைக்கும் 50,000 ரூபாய் வரிக்கழிவைக் காட்டித்தான் பலரும் இழுப்பார்கள். வருமான வரியில் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு; அந்தக் கழிவு பழைய முறையில் மட்டும். சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால் மறுபடி பழையதற்குப் போக முடியாது. எனவே வரி முறையை முடிவு செய்துவிட்டு என்.பி.எஸ். படிவத்தைத் தொடுங்கள்.