இரண்டு மழைக்காலம் தாண்டிய சோலார் தோட்ட விளக்குகள்: எது எரிகிறது, எது அணைகிறது, ஏன்

வாங்கிய முதல் வாரம் எல்லா சோலார் விளக்கும் பளிச்சென்றுதான் எரியும். தரம் தெரிவது இரண்டாவது மழைக்காலம் முடிந்த பிறகு. நடைபாதை ஓரம் குத்திவைக்கும் சிறு விளக்கு, சுவரில் மாட்டும் சென்சார் விளக்கு, மரத்தில் சுற்றும் சர விளக்கு என எதை எடுத்துக்கொண்டாலும் எல்.இ.டி. கெட்டு அணைந்தது அபூர்வம். பேட்டரி செத்திருக்கும், பேனலின் மேற்பூச்சு மங்கியிருக்கும், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கும். வாங்கும்போது இந்த மூன்றையும் பார்த்தால் போதும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை விட்டுவிடலாம்.

பேனலை அளந்து பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கை அளவு பேனல், உச்சி வெயிலில் சுமார் 2 வாட் தரும். நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்குச் சமமாக 5 மணி நேரம் கிடைத்தால் 10 வாட்-மணி. சூடு, தூசி, ஏற்றி இறக்கும் இழப்பு எல்லாம் போக ஆறு, ஆறரை மிஞ்சும். ஒரு வாட்டுக்கு 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று வைத்தால் 650 லூமன்-மணி. இதை 12 மணி நேர இரவுக்குப் பங்கிட்டால் 50 லூமன் சொச்சம். பாதையைக் காட்ட அது போதும். முற்றம் முழுக்க வெளிச்சம் போடப் போதாது. அதே விளக்கு 800 லூமனில் எரிந்தால் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உள்ளங்கை அளவு பேனலை வைத்துக்கொண்டு ‘100 வாட், இரவு முழுவதும்’ என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

பேட்டரியை மாற்ற முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. திருகாணி போட்ட மூடி வேண்டும். பசை போட்டு ஒட்டிய விளக்கு பேட்டரி செத்ததும் குப்பைதான். மண்ணில் குத்தும் சிறு விளக்குகளில் பெரும்பாலும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இருக்கும், ஏஏ அல்லது ஏஏஏ அளவில். ஒன்றிரண்டு வருடத்தில் அது சோர்ந்துவிடும், செல்லை மாற்றினால் விளக்கு பழையபடி எரியும். 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள செல் போட்டால் கூடுதல் நேரம் எரியும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சின்ன பேனல் 50 மில்லி ஆம்பியர் கொடுத்தால் 5 மணி நேரத்தில் 250தான் ஏறும். 600 முதல் 1000 வரை உள்ள செல்லே தாராளம். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் சாதாரண செல்லை மட்டும் போடவே கூடாது. அது ஏற்றுவதற்கான செல் அல்ல. ஏற்றினால் கசிந்து உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும்.

பெரிய விளக்குகளில் லித்தியம் செல். அதில் இரண்டு வகை உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேலே 3.7 வோல்ட் என்று இருந்தால் லித்தியம் அயன், 3.2 என்று இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். மாற்றும்போது குழப்பக் கூடாது. 3.7 விளக்கின் மின்சுற்று 4.2 வோல்ட் வரை ஏற்றும். அதில் 3.2 செல்லைப் போட்டால் அதன் எல்லையான 3.65ஐத் தாண்டி ஏறி செல் கெடும். 3.2 விளக்கில் 3.7 செல்லைப் போட்டாலோ பாதிகூட நிறையாது. வெளியில் வைக்கும் விளக்குக்கு 3.2 வகைதான் நல்லது. சூட்டைத் தாங்கும், ஆயிரக்கணக்கில் ஏற்றி இறக்கலாம். பேனலுக்கு நேர் கீழேயே பேட்டரி அடைத்த விளக்கு மதிய வெயிலில் கை வைக்க முடியாத அளவு சூடாகும், அதில் 3.7 செல் சீக்கிரம் கிழடாகிவிடும். பேனல் தனியாக, விளக்கு தனியாக, நடுவே வயர் என்று இருக்கும் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். விளக்கை நிழலில் வைத்துவிட்டு பேனலை வெயிலில் வைக்கும் வசதியும் சேர்ந்து கிடைக்கிறது.

பேனலின் மேல்பகுதி கண்ணாடியாக இருந்தால் கவலையில்லை. பிசின் ஊற்றி மூடிய சிறு பேனல் ஓரிரு வருட வெயிலில் பால் படர்ந்ததுபோல் வெளுத்தோ மஞ்சளித்தோ போகும். 1000, பிறகு 2000 எண் நீர்த்தாளால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த பின் நிறமில்லா வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் இன்னும் சில மாதம் ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு அல்ல.

வைக்கும் இடத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பேனலில் ஒரு மூலையில் மட்டும் இலை நிழல் விழுந்தாலும் மொத்த மின்சாரமும் குறையும், ஏனென்றால் செல்கள் வரிசையாக இணைந்தவை. ஒன்று தடுத்தால் எல்லாம் தடைபடும். காலை 10 முதல் 3 வரை நிழல் விழாத இடமா என்று ஒரு நாள் பார்த்துவிட்டுக் குத்துங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே என்றால் பேனல் தெற்கு பார்க்க வேண்டும், தெற்கே என்றால் வடக்கு. குறைந்தது 10 டிகிரி சாய்வு இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். சிறு விளக்குகளுக்கு இருட்டைக் காட்டித் தருவதும் அதே பேனல்தான். தெருவிளக்கோ வாசல் பல்போ அதன்மேல் பட்டால் இன்னும் பகல் என்றே எடுத்துக்கொள்ளும், எரியாது. கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கி எறியும் முன் பேனலைக் கையால் மூடிப் பாருங்கள்.

சென்சார் விளக்கை 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாட்டுவது சரி. உடல் சூட்டை உணரும் சென்சார், குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும்; நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். எனவே பாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். சுற்றுச்சூழல் வெப்பம் உடல் சூட்டை நெருங்கும் கோடை இரவில் தூரம் குறையும், அது பழுது அல்ல.

இனி தண்ணீர். பெட்டியில் உள்ள ‘ஐபி’ எண் தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு. ஐபி44 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபி65 பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் மழை நேராக உள்ளே போவதைவிட, விளக்கு மூச்சு விடுவதால் போவதே அதிகம். பகலில் சூடாகி உள்ளிருக்கும் காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை இழுக்கும், அது கண்ணாடியின் உட்புறம் துளிகளாகப் படியும். மண்ணில் குத்திய விளக்கு அணைந்துபோய் அதைத் திறந்தால் காட்சி பெரும்பாலும் இதுதான்: செல்லின் எதிர்முனையில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள், ஸ்பிரிங் பாதி பச்சை பாதி துரு, வயர் ஒட்டிய இடம் கறுப்பு, ஓரத்தில் எறும்பு மண். தூளின் மீது பஞ்சில் தொட்ட வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு வைத்து, துடைத்து, நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் ஸ்பிரிங்கைச் சுரண்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். மேல் இணைப்பைச் சிலிக்கான் பசையால் அடைக்கலாம், அடிப்பக்கத்து வடிதுளையை மட்டும் அடைக்காதீர்கள். பசையை மோந்து பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை செம்பு வயரை அரிக்கும்.

எரியாத விளக்குக்கு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இருந்தால் ஐந்து நிமிட வேலை. வெயிலில் சிறு விளக்கின் பேனல் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். நல்ல வெயிலில் ஒரு நாள் இருந்த நிக்கல் செல் 1.2க்கு மேல் இருக்க வேண்டும், 1.0க்குக் கீழே நின்றால் மாற்றுங்கள். இரண்டும் சரி என்றால் வயரையும் சுவிட்சையும் பாருங்கள். சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருந்தால்தான் சில விளக்குகளில் ஏறவே ஏறும், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சர விளக்குகளை நீண்ட நாள் பயனுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மெல்லிய வயர், அணில் கடி, பற்றவைத்த இடத்தில் துரு என்று ஒரு வருடத்துக்குள் பாதி சரம் இருண்டுவிடுகிறது. நிறத்தில் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் ஒளியே தோட்டத்துக்கு ஏற்றது, வெள்ளை ஒளியைவிடப் பூச்சி குறைவாக வரும்.

மாதம் ஒருமுறை காலை வேளையில் ஈரத்துணியால் பேனலைத் துடைத்து, உப்புத் தண்ணீர் என்றால் உலர்துணியாலும் ஒரு துடை துடையுங்கள். அடைமழை நாட்களில் தினமும் அரைகுறையாக ஏறி அடிவரை வடிவதுதான் பேட்டரியைக் கெடுக்கும். அப்போது செல்லைக் கழற்றி, நிக்கல் செல்லுக்கான சார்ஜரில் நிறைய ஏற்றி, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைத்து, மேகம் விலகியதும் திரும்பப் போடலாம்.