நாலு வருடம் சார்ட்டர், நாலு வருடம் புறநகர்: எங்கள் பாஸ்டன் கணக்கு

பாஸ்டன் பக்கம் வேலைக்கு வருகிற நம்மவர்களை எங்கே வீடு பார்க்கிறீர்கள் என்று கேட்டால் லெக்சிங்டன், ஆக்டன், வெஸ்ட்பரோ என்று புறநகர்ப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். எல்லாம் பள்ளிக்கூடத்துக்காகத்தான். 2014-இல் எங்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை, பாஸ்டன் நகரத்துக்குள்ளேயே டார்செஸ்டர் பகுதியில் இருந்தோம். மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம், பக்கத்தில் இருந்த ஒரு சார்ட்டர் பள்ளிக்குப் பெயர் கொடுத்தோம்.

சார்ட்டர் என்றதும் ஊரில் என் அத்தை ஏதோ மெட்ரிக் பள்ளி என்று நினைத்து ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். ஃபீஸே கிடையாது. அரசுப் பணத்தில் நடப்பதுதான், ஆனால் நகரப் பள்ளி நிர்வாகத்துக்குக் கீழே வராது. மாநிலம் ஐந்து வருடத்துக்கு உரிமம் கொடுக்கும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். நுழைவுத் தேர்வு இல்லை, சிபாரிசு இல்லை, மார்ச்சில் குலுக்கல், அவ்வளவுதான். எங்களுக்கு முதலில் வெயிட்லிஸ்ட், ஆகஸ்ட் கடைசியில்தான் போன் வந்தது.

முதல் மூன்று மாதம் நரகம். சட்டை வெளியே தெரிந்தால் டிமெரிட் (ஒழுங்கு மீறலுக்கு ஒரு கறுப்புப் புள்ளி), நடைபாதையில் பேசினால் டிமெரிட், நாலைந்து சேர்ந்தால் பள்ளி முடிந்தும் உட்கார வேண்டும். ஏற்கெனவே நாலு மணி வரைக்கும் வகுப்பு. மைதானம் என்று ஒன்று இல்லை. ஆசிரியர்கள் எல்லாரும் இளவயது, நன்றாக ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் வேலையை விட்டுப் போய்விடுவார்கள், இரண்டு வருடத்தில் கணக்குக்கு மட்டும் மூன்று பேர் மாறினார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆசிரியர்கள் போன் பண்ணுவார்கள். பின்னம் புரியவில்லை என்றால் அன்று சாயங்காலமே போன், புரிந்துவிட்டது என்றாலும் போன். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு, பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் மதிப்பெண் நன்றாக ஏறுவதை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது, கணக்கென்றால் அழுதுகொண்டிருந்தவள் ஏழாவதில் தானாக உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். அந்த வருடம்தான், 2016 நவம்பரில், சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வந்து பெரிய வித்தியாசத்தில் தோற்றது. எங்களுக்கு ஓட்டு இல்லை. இருந்திருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது, ஏனென்றால் பிள்ளை சார்ட்டருக்குப் போனால் அதற்கான பணமும் நகரப் பள்ளியிலிருந்து கூடவே போகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த நகரப் பள்ளியில்தான் படித்தார்கள்.

2018-இல் பாஸ்டனிலிருந்து போகும் ஃபிட்ச்பர்க் ரயில் தடத்தில் ஒரு புறநகர் ஊருக்கு மாறினோம், ஒன்பதாவதுக்கு. ஆர்கெஸ்ட்ரா, நீச்சல், ரோபாட்டிக்ஸ், கண்ணுக்கெட்டிய தூரம் புல்தரை. மகளுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. நான்தான் போனுக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. நவம்பரில் நானாக விசாரித்தபோதுதான் அவளைக் கணக்கில் கீழ்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஹானர்ஸ் என்கிற மேல் பிரிவில் போட எட்டாம் வகுப்பு ஆசிரியரின் பரிந்துரை வேண்டுமாம், வெளியூர்ப் பிள்ளை என்பதால் அது இல்லையாம். யாரும் கெட்டவர்கள் இல்லை, கேட்டதும் தேர்வு வைத்து மாற்றிவிட்டார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மற்ற பெற்றோருக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் பிள்ளைகள் மூன்றாவதிலிருந்தே ரஷ்யன் மேத் என்கிற கணக்கு டியூஷனுக்குப் போகிறவர்கள். (அந்தச் செலவையும் வீட்டு வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு ‘இலவசப் பள்ளி’ என்று சொல்லுங்கள்.)

இன்னொன்று, முதல் வருடம் முழுக்க அவள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது மெட்கோ பிள்ளைகளோடுதான், அதாவது 1966-இலிருந்து நடக்கும் திட்டத்தில் பாஸ்டனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்களோடு. அதில் ஒருத்தி எங்கள் பழைய தெரு.

அவள் தம்பிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, முதல் வகுப்பிலிருந்தே இங்கேதான். டிமெரிட் என்றால் என்ன என்று அக்காவிடம் கேட்டு அவன் சிரிப்பான், அவள் சிரிக்க மாட்டாள்.

நகரத்துக்குள் இருப்பவர்கள் குலுக்கலில் பெயர் போட்டுவையுங்கள், இடம் வந்து வேண்டாம் என்றாலும் நஷ்டமில்லை. நடுவில் புறநகருக்கு மாறுகிறவர்கள் வீட்டுச் சாவி வாங்கிய அன்றே பள்ளியின் மாணவர் ஆலோசகருக்கு ஒரு மெயில் போட்டு எந்தக் கணக்குப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள், நவம்பர் வரை காத்திருக்காதீர்கள்.