செம்பனைத் தோட்டமா, இயந்திரப் பட்டறையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தம்பி மகன் இரண்டு வேலைக்கு நடுவில் நிற்கிறான். சம்பளத்தை அவன் அப்பா பார்த்துக்கொள்வார். நான் சிறுநீரகப் புற்றுநோயை வைத்துப் பார்த்தேன். (சிகரெட் பிடிக்கிறான். எங்கே போனாலும் அந்த ஆபத்து கூடவே போகும்.)

கைபடும் பொருள்
தோட்டம்: களைக்கொல்லி, உரம்.
பட்டறை: கிரீஸ் கழுவும் கரைப்பான். அது டிரைகுளோரோஎத்திலீன் என்றால் கவனம். லேசான இனிப்பு வாசனை. துணியில் நனைத்துத் துடைத்தால் சட்டென்று காய்ந்துவிடும். காய்ந்ததெல்லாம் ஆவியாக மூக்குக்குள் போகும், தோல் வழியாகவும் இறங்கும்.

சான்று
பட்டறை: சிறுநீரகப் புற்றுநோய்ச் சான்றை வைத்தே 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டிரைகுளோரோஎத்திலீனை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது.
தோட்டம்: களைக்கொல்லிக்கு இந்த உறுப்பில் அவ்வளவு வலுவான சான்று இல்லை. ஆனால் வெயிலில் தண்ணீரில்லாமல் குலை வெட்டினால் சிறுநீரகம் வேறு விதமாகக் கெடும்.

தற்காப்பு
பட்டறை: கரைப்பானுக்கு மூடிய தொட்டி, காற்றுறிஞ்சி, மாற்றுக் கரைப்பான்.
தோட்டம்: கையுறை, முகக்கவசம், தண்ணீர்.

வெயில் ஒத்துக்கொள்ளாதவனுக்குப் பட்டறை சரி, தொட்டிக்கு மூடி இருந்தால். திறந்த தொட்டி என்றால் தோட்டத்துக்கே போகட்டும். திங்கட்கிழமை பட்டறைக்குப் போய்க் கரைப்பான் டின்னின் லேபிளைப் படம் பிடித்து வரச் சொல்லியிருக்கிறேன்.