தற்காலிகச் செவிலியர்களை அனுப்பும் முகமை: 14 மாத அனுபவத்தின் பின் ஒரு மதிப்பீடு

ஒரு மருத்துவரும் 3 செவிலியர்களும் இருக்க வேண்டிய சிறிய சுகாதார நிலையம் எங்களுடையது. அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு, வானிலை நன்றாக இருக்கும் நாளிலேயே 4 மணி நேரப் பயணம். ஒரு செவிலியர் மகப்பேறு விடுப்பில் சென்ற சில வாரங்களில் இன்னொருவர் வேலையை விட்டுவிட, மிஞ்சிய ஒருவரை வைத்துக்கொண்டு இரவுப் பணியை ஓட்ட முடியாது என்ற நிலையில்தான் தற்காலிகப் பணியாளர்களை அனுப்பும் முகமையை நாடினோம். இந்த 14 மாதங்களில் 9 செவிலியர்களும் 4 மருத்துவர்களும் வந்து போயிருக்கிறார்கள். நிலையத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், இச்சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பதிவு செய்கிறேன்.

வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. விண்ணப்பித்த பத்தாம் நாள் முதல் செவிலியர் வந்து சேர்ந்தார். பதிவுச் சான்று, முந்தைய பணியிடங்களின் பரிந்துரை, தடுப்பூசி விவரம் எல்லாம் சரிபார்க்கப்பட்டு ஒரே கோப்பாக முன்கூட்டியே வந்துவிட்டன.

வருபவர்கள் திறமையில் குறைந்தவர்களாக இருப்பார்களோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அது பெரும்பாலும் வீண் அச்சம். இரண்டாவதாக வந்த செவிலியர் பணியேற்ற நான்காம் இரவு, பிரசவமான ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவர் ஒரு கையால் வயிற்றின் மேலிருந்து கருப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று என்னைக் கேட்டு எடுக்கச் செய்து, மருத்துவர் வந்து சேர்வதற்குள் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இருந்தவர்கள் 2009 முதல் 2014 வரை மருத்துவமனைகளில் பெற்ற சிகிச்சையை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வும், பதிலி மருத்துவர்கள் பார்த்த நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே 30 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது.

ஆனால் அந்த ஆய்வு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்களைப் பற்றியது. எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆறாத புண் என்று ஆண்டுக்கணக்கில் வருபவர்கள். நார்வேயில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, மருத்துவரை மாற்றி ஓராண்டுகூட ஆகாதவர்களைவிட, அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் 25 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தன. முகமையால் தர முடியாதது இந்தத் தொடர்ச்சியைத்தான். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த பாட்டி ஒருவர், மூன்று மாதங்களில் 4 பேரிடம் கட்டு மாற்றிக்கொண்டார். நான்காவது செவிலியரிடம் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "போன மாசம் வந்த பொண்ணு தண்ணி படக் கூடாதுன்னா. நீ கழுவணுங்கிற. நான் யாரு பேச்சத்தாம்மா கேக்குறது?" அதன்பின் 3 வாரம் அவர் வரவேயில்லை, வந்தபோது புண் எலும்புவரை போயிருந்தது. அந்த நால்வரில் எவரும் தவறு செய்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

முகமையின் மீது நேரடியாகச் சொல்ல வேண்டிய குறை, பொறுப்பு ஒப்படைப்பைப் பற்றியது. ஒருவருடைய ஒப்பந்தம் முடிந்த மறுநாள்தான் அடுத்தவருடைய ஒப்பந்தம் தொடங்கும். இருவரும் ஒரே அறையில் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் அளவைக் குறிக்க வேண்டும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரியும். ஆனால் எங்கள் பெட்டியின் கதவை ஒருமுறை தூக்கிவிட்டு அழுத்தினால்தான் மூடும் என்பது இங்கே இருந்தவருக்கு மட்டுமே தெரியும். புதிதாக வந்தவர் சாதாரணமாகச் சாத்திவிட்டுப் போனார். காலையில் அளவு 13 டிகிரி. அந்தத் தடுப்பூசிகளைத் தனியே எடுத்து வைத்து, பயன்படுத்தலாமா என்ற பதில் மேலிடத்திலிருந்து வரும்வரை குழந்தைகளைத் திருப்பி அனுப்பினோம். முகமைக்கு எழுதியபோது, ஒப்படைப்பு நாள் 'கூடுதல் சேவை' என்று பதில் வந்தது. (கதவைப் பழுது பார்க்காமல் விட்டது எங்கள் குற்றம், அதையும் மறைக்கவில்லை.)

செலவைச் சொல்லவே வேண்டாம். ஒரு தற்காலிகச் செவிலியருக்கு ஆகும் தொகையில் எங்கள் நிரந்தரச் செவிலியர் இருவருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். அதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்து, வருபவர்களுக்கெல்லாம் மருந்து அலமாரியைக் காட்டிக் கொடுக்கும் எங்கள் செவிலியருக்கு இது தெரியாமல் இல்லை. அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை. தொலைதூரப் பகுதிகளில் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் திருத்திய பரிந்துரைகள், கிராமப்புறப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்ப்பது, நல்ல குடியிருப்பு போன்றவற்றைத்தான் பேசுகின்றன. எங்கள் செவிலியர் குடியிருப்பின் கூரை இந்த 14 மாதங்களும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு மாற்றம் செய்தோம். புதிது புதிதாக ஆளை அனுப்பாமல், ஏற்கெனவே வந்தவர்களில் இருவரையே 6 வாரத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி அனுப்பும்படி கேட்டோம். முகமை முதலில் தயங்கியது. அவர்களுக்குத் தங்கள் பட்டியலில் யார் காலியாக இருக்கிறாரோ அவரை அனுப்புவதுதான் எளிது. விடாமல் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டார்கள். இப்போது வரும் இருவருக்கும் நோயாளிகளின் பெயர் தெரிகிறது. பாட்டி கட்டு மாற்ற வாரம் தவறாமல் வருகிறார். வருவதற்கு முன் இந்த முறை யாருடைய முறை என்று கேட்டுக்கொள்கிறார்.

ஒப்பந்தத்தை இன்னும் 6 மாதம் நீட்டித்திருக்கிறோம். வருகிறவரும் போகிறவரும் ஒரு முழு நாள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற வரியை அதில் சேர்க்கச் சொல்லி, அந்த ஒரு நாள் கூலியை நாங்களே ஏற்றுக்கொண்டோம்.